தீக்குஸ் என்றால் எந்த எலி?

மலேசியாவிலுள்ள ரெம்பியாவுக்குக் கல்யாணமாகி வந்து ஏழு வருடமாகிறது. கண்ணில் படும் எலிக்கெல்லாம் இங்கே ஒரே பெயர் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. எங்கள் சங்கரன்கோவில் வீட்டில் அரிசிப் பானையைச் சுற்றுவது சுண்டெலி; சாக்கடையிலிருந்து பூனையையே மிரட்டுவது பெருச்சாளி. எவ்வளவு பயப்படவேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். இங்கே மலாய்ப் பேச்சில் எல்லாமே தீக்குஸ்.

போன மாதம் என் மகள் யாழினியின் பாலர் பள்ளி மலாய் ஆசிரியை கைப்பேசியில் அழைத்தார். "காக், யாழினி கெனா கிகிட் தீக்குஸ்..." அக்கா, யாழினியைத் தீக்குஸ் கடித்துவிட்டது. அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. பள்ளிக்குப் பின்னால் எலி மலிந்த செம்பனைத் தோட்டம். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சலில் எதிர்வீட்டுக்காரர் மூன்று வாரம் கிடந்ததைப் பார்த்தவள் நான். பள்ளிக்கு ஓடி, ஐந்து வயதுப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கிளினிக்குக்கு விரைந்தேன். வழியில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் வரவில்லை.

தாதி நம் தமிழ்ப்பெண். "எந்தத் தீக்குஸ் கடிச்சிச்சிக்கா? வீட்டுலயா, தோட்டத்துலயா?"

"பெருச்சாளி" என்றேன். நான் எங்கே பார்த்தேன்? பயம் சொல்லிற்று.

யாழினி நிமிர்ந்தாள். "இல்லம்மா, தீக்குஸ் பெலாண்டா! பள்ளிக்கூடத்துக் கூண்டுல இருக்குல்ல, கோக்கோ. நான் வெள்ளரிக்கா குடுத்தேன், வெரலயும் சேத்துக் கடிச்சிருச்சி."

தாதி சிரித்துவிட்டாள். "அட, கினி பிக்! பயப்படாதீங்க லா."

டச்சுக்கார எலி என்று மலாயில் அதற்குப் பெயராம். ஆசிரியை சொன்ன 'பெலாண்டா' என் காதில் ஏறாமலே போயிருக்கிறது. டாக்டர் காயத்தைக் கழுவி மருந்து போட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்றதும், நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் ஊருக்கு அழைத்து அக்காவிடம் பேசினேன். தமிழிலேயே சொல்லுவோமே என்று, "யாழினிய கினிப் பன்றி லேசா கடிச்சிருச்சிக்கா" என்றேன்.

"பன்னியா! புள்ளைய ரோட்டுல விட்டுட்டு நீ என்னட்டி பண்ணிக்கிட்டிருந்த?"

"இல்லக்கா, எலி மாதிரி..."

"எலியா!" இன்னும் உரக்கக் கத்தினாள்.

யாழினி கைப்பேசியைப் பிடுங்கி, "தீக்குஸ் பெலாண்டா, பெரிம்மா" என்றாள். "அப்படின்னா என்னட்டி?" என்றாள் அக்கா. நான் பிறந்த ஊரில் யாருக்கும் புரியாத அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.