மூன்று மாதக் கயிறு

தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லை தாண்டிக் காரைக்காலுக்குக் குடிக்க வருவார்கள். நான் என் வீட்டுக்காரரைக் குடி மறக்க வைக்க எல்லை தாண்டித் திருவாரூர்ப் பக்கம் கூட்டிப் போனேன். வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் இரண்டு சாராயக்கடை. வேறென்ன செய்ய?

அது ஒரு வருடம் தங்க வேண்டிய மறுவாழ்வு இல்லம். பொறுப்பாளரும் ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவர்தான். அங்கே காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, "இன்னைக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். நாற்பத்தைந்து வயசு மனுஷருக்கு ஒரு நாளுக்கு மேல் வாக்குக் கொடுக்கத் துப்பில்லையா?

ஏழாவது மாதம் பார்க்கப் போனபோது சதை பிடித்திருந்தார். கை நடுக்கம் நின்றிருந்தது. தோட்டத்தில் தானே பறித்த கத்தரிக்காயை என் பையில் போட்டார். அப்போதே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று எனக்குப் பேராசை வந்துவிட்டது.

"கொலதெய்வத்துக்கிட்ட கயிறு கட்டிட்டா போதும், ஆத்தாளை மீறி எவன் குடிப்பான்" என்று மாமியார் ஏற்கெனவே நச்சரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் குடியை விடுவதற்கு அதுதான் வழக்கம். இத்தனை மாதம் தொட மாட்டேன் என்று பூசாரி முன்னால் சத்தியம் செய்து, கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். மீறினால் கண் போய்விடும் என்று பயம்.

பொறுப்பாளர் தடுத்துப் பார்த்தார். "கயித்துக்குக் கெடு உண்டும்மா. அது முடியற நாளையே பாத்துக்கிட்டு இருப்பாரு. இன்னும் அஞ்சு மாசம் விட்டு வைங்க."

"உங்களுக்குச் சாமி நம்பிக்கை இல்லைங்களா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தேன். அந்த வாயை இன்றைக்கும் சபிக்கிறேன்.

எத்தனை மாதம் என்று பூசாரி கேட்டார். "மூணு" என்றார் இவர். ஒரு வருஷம்னு சொல்லுடா என்றார் மாமியார். "முடிஞ்சதத்தாம்மா சொல்லணும்." அந்த நேர்மையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு முட்டாள் நான்.

மூன்று மாதமும் ஒரு சொட்டுத் தொடவில்லை. கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுத்தவர்கள்கூட, கயிற்றைப் பார்த்ததும் விலகிக்கொண்டார்கள். கெடு முடிந்த அன்று காலையில் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போய், தேங்காய் உடைத்து, பூசாரி கையாலேயே முறையாக அவிழ்த்துக்கொண்டார். மதியம் எங்கள் வாசற்படியில் தடுக்கி விழுந்தார். நெற்றியில் திருநீறு கலையாமல் இருந்தது.

"ஆத்தாளை ஏமாத்தலடி. சொன்ன நாளைக் காப்பாத்திட்டேன்" என்றார். மாமியாரும் ஆமாம் என்றார்.

அதற்குப் பிறகு மூன்று கயிறு கட்டி, மூன்றும் கெடு முடிந்து அவிழ்ந்தன. இல்லத்தில் இடம் இருக்கிறது, அவர் சம்மதித்தால் போதும் என்கிறார் பொறுப்பாளர். "நெனைச்சா நிறுத்திடுறேனே, அங்க எதுக்குப் போய் அடைஞ்சு கெடக்கணும்?" என்கிறார் இவர். நிறுத்தத்தான் செய்கிறார்.

போன வாரம் டாக்டர், ஈரல் கெட்டுவிட்டது, இனிக் குடித்தால் ஆள் தங்காது என்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டவர், "வர்ற வெள்ளிக்கிழமை கட்டிக்கிறேன்" என்றார்.

"எத்தனை மாசத்துக்குங்க?" என்றேன். கேட்டது நான்தான்.