படிக்கட்டு ஓரத்துக் குழாய்

கப்பலூரில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் பிளாஸ்டிக் ஃபிட்டிங் செய்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவர் அங்கே இருந்த முதல் பதினோரு வருடமும் எங்கள் வீட்டில் நான்தான் குழாய்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் குடும்பம் கீழே. தண்ணீர்த் தொட்டியும் கீழே. இருபத்திரண்டு படி. காலையில் எட்டுக் குடம் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான். சாயங்காலம் வந்து இன்னும் நாலு குடம். இரண்டு பிள்ளைகளையும் வயிற்றில் சுமந்தபோதுகூட ஏழாம் மாதம் வரை தூக்கினேன்.

அவருக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஃபிட்டிங்குக்குள் குழாயைச் செருகி, தண்ணீரை வேகமாக விட்டு, கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டுவார். "பசை வேணாம், திருக வேணாம். உள்ள ரப்பர் வளையம் இருக்கு. நுனியை நனைச்சு டக்குன்னு ஒரு அமுக்கு, அம்புட்டுத்தேன். சின்னப் புள்ளகூட மாட்டிரும்." வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் அவர்களுக்குக் காபி போடத் தண்ணீர் எடுக்கக் கீழே போவேன்.

ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், நம் வீட்டுக்கும் ஒரு லைன் இழுக்கலாமே என்று.

"வாடகை வீட்டுக்கு எதுக்கு? வீட்டுக்காரர் செவுத்துல ஆணி அடிக்கவே விட மாட்டாரு" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு தடவையோடு ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

பதினோராவது வருடம் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. வகுப்பில் உட்கார முடியாமல், நிற்கவும் முடியாமல் மூன்று மாதம் ஓட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டார்: "எத்தன வருஷமா வெயிட் தூக்குறாங்க?" அவர் என்னைப் பார்த்தார். கணக்குச் சொல்ல வேண்டிய வேலையும் எனக்குத்தான் வந்தது.

ஆபரேஷனில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கோடை லீவு என்பதால் பிள்ளைகளோடு பேரையூரில் அம்மா வீட்டுக்குப் போய் நாற்பது நாள் கிடந்தேன். திரும்பி வந்து, பயந்து பயந்து படியேறினால், சுவர் ஓரமாக ஒரு வெள்ளைக் குழாய் என் கூடவே மேலே ஏறுகிறது. மாடியில் கறுப்பு டிரம், அடுப்படியில் குழாய், கீழ்த் தொட்டியில் சின்ன மோட்டார்.

"இனி நீ ஒரு சொம்புகூடத் தூக்க வேணாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் வீட்டுக்காரம்மா பார்க்க வந்தார். நல்ல மனுஷி, எதையும் மனசில் வைத்துப் பேசுகிறவர் இல்லை. "நீங்க போன மக்யாநாளு அண்ணே நாலு கொடம் தூக்குனாரு. அடுத்த நாளு ரெண்டு. அப்பறம் இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அந்த ஞாயித்துக்கெழமை சர்ச்சுப் பூசைக்குக்கூடப் போகலயே! காலைல ஆரம்பிச்சு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பைப்ப மாட்டி முடிச்சுட்டாரு."

"வீட்டுக்காரண்ணே ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு என்ன சொல்லப்போறாரு? மொதல்லயே கேட்டிருந்தா மொதல்லயே சரின்னுருப்பாரு."

ஒற்றை ஆள், இரண்டு நாள், ஆறு குடம். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

பத்து நாள் கழித்து, அவர் வேலைக்குப் போன பிறகு மோட்டாரைப் போட்டேன். படிக்கட்டு வளைவில் ஒரு இணைப்பு விட்டுக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியடித்தது. குழாயை முழுசாகச் செருகாமல் விட்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் செக்கிங் செய்கிறவர்! வீட்டுக்காரம்மா கீழேயிருந்து, "அண்ணே வரட்டும்க்கா, நீங்க கை வைக்காதீங்க" என்றார்.

மோட்டாரை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். குழாயின் நுனியைத் துடைத்தேன். நனைத்தேன். அவர் விருந்தாளிகளுக்குச் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஃபிட்டிங்கை ஒரு கையில் பிடித்து, மறு கையால் குழாயை உள்ளே அமுக்கினேன். முதலில் ரப்பர் லேசாகத் தடுத்தது. பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆபரேஷன் ஆன வயிறு இழுக்கக்கூட இல்லை. ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றுவதற்கு வேண்டிய பலத்தில் கால்வாசி இருக்குமா? அதுகூட இருக்காது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். பதறிப்போனார். "நான் வந்து போட்டிருப்பேன்ல? கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லைங்க. ரொம்ப லேசா இருந்துச்சு. பதினோரு வருசமும் இம்புட்டு லேசாத்தான் இருந்துச்சா?"

அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். படிக்கட்டில் குனிந்து, நான் மாட்டிய இணைப்பைக் கம்பெனியில் செய்வதுபோல விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.