ஊறல் குழியில் பழைய காற்று

ஆம்பூரில் பாலாற்றங்கரையோரம் இருந்த ஒரு தோல் பதனிடும் டேனரியில் வாஹித் பாஷா ஊறல் குழி மேஸ்திரி. உப்புத் தோல்களைத் தண்ணீரில் ஊறப்போடும் ஆளுயரக் குழிகள் அவர் பொறுப்பு. அடியில் சேறு தங்கினால் ஆள் இறங்கி வாரவேண்டும். அப்படி இறங்கிய அவருடைய தோஸ்த் லியாகத் அலி, கூடையை மேலே நீட்டியவர் அப்படியே சுருண்டு விழுந்து உயிரை விட்டார்.

தொழுகைக்கு முன் செய்வதுபோல் கைகால் முகம் கழுவி ஒளு செய்யாமல் இறங்கினான், அதனால்தான் என்று எவனோ சொல்ல, ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? அதிலிருந்து குழியோரம் சாம்பிராணி போட்டு, பாத்திஹா ஓதிய பிறகே ஆள் இறங்குவது வழக்கமானது. லியாகத்தின் மனைவி ஹலீமா பீயின் காதில் விழும்படியே வருஷக்கணக்கில் இதைப் பேசினார்கள். மகன் அதாவுல்லா வளர்ந்து அதே டேனரிக்குக் குழி வேலைக்கு வந்தான். வேறு வேலை யார் கொடுத்தார்கள்?

1931இல் வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேஜிக் லாந்தர் படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்கத்தான் வாஹித் போனார். வாத்தியார் ஒருவர் பூமியின் கதையைச் சொன்னார். ஆதியில் நாம் சுவாசிக்கிற காற்றே இங்கே இல்லையாம். சீமையில் சிலர் இப்படி யோசிக்கிறார்களாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அது இல்லாமலே பிழைத்தன. பிறகு பாசி மாதிரி ஒரு வகை வந்து, வெயிலில் வளர்ந்து, இந்தக் காற்றைக் கழிவாக வெளியே விட்டது. பழைய உயிர்களுக்கு அது விஷம். நிறைய மடிந்தன. மிச்சம் காற்றுப் படாத சேற்றுக்குள் ஒளிந்துகொண்டன. அந்த விஷத்தையே சுவாசிக்கப் பழகிய கூட்டத்தின் வாரிசுகள்தான் நாம் என்றார் வாத்தியார்.

அந்தப் பழைய உயிர்கள் இப்போதும் இருக்கின்றனவா, ஆம்பூர் தோல் குழிச் சேற்றில் இருக்குமா என்று வாஹித் எழுந்து கேட்டார். உங்கள் ஊர்க் குழிச் சேற்றிலேயே இருக்கும், அவை விடுகிற வாயு ஆளைக் கொல்லும் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் குழி வாரும் முறை அதாவுல்லாவுடையது.

தண்ணீரை இறைத்துவிட்டு, மேலே நின்று மூங்கிலால் சேற்றைக் கிளறி, ஒரு நாள் காற்றாட விடலாம் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். மெட்ராஸுக்குச் சரக்கு போகவேண்டிய நேரத்தில் ஒரு நாளா என்று முதலாளி எரிந்து விழுந்தார். சேற்றில் உயிர் என்றதும் சிரிப்பு வேறு. வாஹித் லேசுப்பட்டவரா?

"சரி முதலாளி. ஆனா இனிமே சேத்தைக் கிளறி வுட்டு, மறுநாள் பாத்திஹா ஓதினாத்தான் ஆளுங்க எறங்குவாங்க. அவங்க பயம் அவங்களுக்கு."

காற்றுக்குக் கொடுக்காத ஒரு நாளை முதலாளி பாத்திஹாவுக்குக் கொடுத்தார்.

கிளறியபோது அழுகிய முட்டை நாற்றம் தெருவரை போனது. மறுநாள் அதாவுல்லா இறங்கி, வாரி முடித்து, சேற்றைத் திட்டிக்கொண்டே ஏறி வந்தான். அவன் கைகால் கழுவும்வரை பார்த்துக்கொண்டிருந்த வாஹித், நேராக ஹலீமா பீ வீட்டுக்கு நடந்தார். வாத்தியார் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"லியாகத் ஒரு தப்பும் பண்ல பாபி. அடியில இருந்த காத்து அப்படி."

ஹலீமா பீ அவரை உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு அவரு ஒளு செய்யத் தண்ணி ஊத்தினதே நான்தான் பாய். எல்லார்கிட்டயும் சொன்னேன், ஒருத்தரும் நம்பல. கடைசில ஊத்தினேனான்னு எனக்கே நம்பிக்கை போய்டுச்சு."