மணவறைக்கு மேல் இரண்டு சிவப்பு வயர்கள்

சென்ற வாரம் எங்கள் புதிய அறைக்கு வயரிங் செய்ய வந்த பையன் மூன்று சுருள் வயரை நிலத்தில் பரப்பி வைத்தான். மண்ணிறம் ஒன்று, நீலம் ஒன்று, பச்சையில் மஞ்சள் கோடு போட்டது ஒன்று. நான் தேடிய நிறங்கள் அதில் இல்லை.

"தம்பி, சிவப்பெங்க? கறுப்பெங்க?" என்று கேட்டேன்.

"ஐயா, அது அந்தக் காலம். இப்ப சிவப்பின்ர வேலையை மண்ணிறம் செய்யுது, கறுப்பின்ர வேலையை நீலம் செய்யுது. பச்சை மட்டும் மஞ்சளையும் சேர்த்துக்கொண்டு அப்பிடியே நிக்குது."

வேலை முடிந்தது என்று அவன் சொன்னபோது அறையில் ஐந்து சுவிச்சுகள் இருந்தன. ஐந்தையும் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு சுவிச்சும் எந்த வயரை வெட்டுகிறது, மண்ணிறத்தையா நீலத்தையா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். நான்காவதைக் கழற்றும்போது பையனுடைய முகம் கறுத்துவிட்டது. குசினிக்குள் இருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, போட்டா எரியுது, நிப்பாட்டினா நூருது. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

நிறுத்தினால் லைற் நூர்வது மட்டும் போதாது என்பதை நான் எட்டு வயதில் பார்த்தவன். அதை அவளுக்கு இதுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆட்களுக்கே சொல்லாமல் விட்ட கதை அது.

அப்போது எங்கள் வீடு பரந்தன் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து காணிக்காக வந்து வயல் செய்தவர். பெரிய வீதியில் தொழிற்சாலைக்காகக் கரண்ட் கம்பி போயிருந்தாலும் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை. அக்காவுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் அப்பாவுக்கு அது ஒரு குறையாகத் தெரியத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை வீட்டில் கரண்ட் இருந்தது. ஆகவே தாலி ஏறும் முன் எங்கள் வீட்டிலும் இருந்தாக வேண்டும். நெல் விற்ற கையோடு தூண் நட்டு, கம்பி இழுத்தாயிற்று. வீட்டுக்குள் வயரிங் செய்ய மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் வயரிங் வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் இருந்தார். அம்மாவுக்கு மூத்தவர் பெரியம்மா. இந்த மூன்று பேரும்தான் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். தாய் நேரத்தோடு இறந்துபோனதால் மாமாவைத் தூக்கி வளர்த்தவர் பெரியம்மா. பிறகு அவருக்குக் கலியாணமாகி, கொஞ்சக் காலத்திலேயே பெரியப்பாவும் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், அக்கா பிறந்து அம்மா நோயில் கிடந்தபோது அக்காவையும் தூக்கிக்கொண்டார். அக்கா அம்மாவை அம்மா என்று கூப்பிட்டாலும் படுத்தது என்னவோ பெரியம்மாவோடுதான்.

கலியாணத்தன்று பெரியம்மா விறாந்தையிலோ கூடத்திலோ நிற்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதை அவருக்குச் சொல்லவில்லை. அவரே முந்திக்கொண்டார். "நான் குசினிக்க நிப்பன். ஆரும் என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்றார். அதன் பிறகு, மணவறையை எந்தப் பக்கம் வைப்பது என்ற கதை வந்தபோது, தெற்குச் சுவரோடு வையுங்கோ, அங்கேதான் காற்று வரும் என்று விடாப்பிடியாக நின்றவரும் அவர்தான். தெற்குச் சுவர் குசினிக் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. கதவு சரியாகச் சாத்தாது. அந்த நீக்கலுக்குள்ளால் பார்த்தால் மணவறை முழுவதும் தெரியும். நானே பார்த்தேன். அதில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரிகிறதே என்று பெரியம்மாவிடம் சொன்னபோது, "வாயை மூடு, ராசா" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

மாமா வந்து இறங்கியதும் நான் அவருடைய வால் ஆனேன். அப்போதெல்லாம் வயரைச் சுவருக்குள் புதைப்பதில்லை. சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் வயரை வரிசையாகத் தகரக் கிளிப்பில் பிடித்துக்கொண்டு போவார்கள். நிறம் எல்லாம் வெளியே தெரியும்.

"மருமோன், இதில சிவப்பர் வேலைக்கு வாறவர்" என்றார் மாமா. "கறுப்பர் வேலை முடிச்சுத் திரும்பிப் போறவர். போக வழியில்லாட்டி வாறவர் வரமாட்டார்."

"பச்சையர்?"

"அவர் நிலத்துக்க நித்திரை. பிழை நடந்தாத்தான் எழும்புவார். அவரைக் கனக்க எழுப்பக் கூடாது."

சுவிச்சை எப்போதும் சிவப்பில்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். வருகிறவரைப் படலையிலேயே மறித்துவிட்டால் வீட்டுக்குள் பயமில்லை. திரும்பிப் போகிற வழியை மறித்தாலும் லைற் நூரும். ஆனால் வந்தவர் உள்ளே நின்றுகொண்டேயிருப்பார். இதைக் கேட்டு நான் சிரித்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போக முடியாமல் பல்புக்குள் குந்தியிருக்கும் ஒரு மனிதரை நினைத்துக்கொண்டேன்.

நான்கு லைற்றுகள், ஒரு பிளக். மூன்று லைற்றுகள் ஒரு சண்டையும் இல்லாமல் முடிந்தன. நான்காவது, மணவறைக்கு மேலே தெற்குச் சுவரில் வைக்கும் லைற். அதற்கு மாமா சட்டம் அடித்து வயர் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, என்னடா இது? பிள்ளை கூறைச் சேலையோட இருக்கப்போற இடம். அதுக்கு மேல கறுப்பை இழுத்துவிட்டிருக்கிறாய்!"

"சின்னக்கா, கரண்டுக்குக் கண் இல்லை."

"மாப்பிள்ளையின்ர தாய்க்குக் கண் இருக்கு."

"கறுப்பில்லாட்டி லைற் எரியாது."

"எரியாட்டிக் குத்துவிளக்குப் போதும். கழட்டு."

மாமா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா குசினி வாசலில் நின்று தேங்காய்த் துருவலில் கண்ணாக இருந்தார். மாமா ஏணியில் ஏறிக் கறுப்பைக் கழற்றினார். அந்த லைற்றுக்கு மட்டும் வருவதும் சிவப்பு, போவதும் சிவப்பு என்றானது. பக்கத்துப் பக்கத்தில் ஓடிய இரண்டு சிவப்புக் கோடுகளைப் பார்த்து அம்மாவுக்குத் திருப்தி. எனக்கும் அது வடிவாகத்தான் தெரிந்தது. சுவிச்சுக்குள் வயரைத் திருகும்போது மாமா வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் என்று மட்டும் விளங்கியது.

பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கலியாணத்துக்கு முதல்நாள் காலையில் பெரியம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல்நாள் அவர் கூடத்துக்குள் நிற்கலாம். அதற்குத் தடை இல்லை. தெற்குச் சுவர் லைற்றில் பல்பு மாட்டும் பித்தளைக் கூட்டில் சுண்ணாம்பு தெறித்துக் கிடந்தது அவருடைய கண்ணில் பட்டது. கதிரையை இழுத்து வைத்தார்.

"ராசா, சுவிச்சை நிப்பாட்டு."

நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

"நூர்ந்திட்டுதோ? வடிவாப் பார்."

"ஓம், பெரியம்மா. நூர்ந்திட்டுது."

அவரும் பார்த்தார். பல்பைக் கழற்றி என்னிடம் தந்தார். ஒரு கையை ஈரம் காயாத சுவரில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் ஈரத் துணியைக் கூட்டுக்குள் விட்டுச் சுழற்றினார். ஒரு சத்தமும் போடவில்லை. கதிரை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக விழுந்தார். வலது கை அவருடைய உடம்புக்குக் கீழே மடிந்து கிடந்தது. என் கையில் இருந்த பல்பு மட்டும் உடையவில்லை.

எல்லாரும் ஓடி வந்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள். பெரியம்மா கண் விழித்ததும், உயிர் இருக்கிறது என்ற நிம்மதியில் அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"சுவிச்சைப் போட்டபடி ஆர் உன்னை ஏறச் சொன்னது, அக்கா?"

"நான் நிப்பாட்டினனான்!" என்று கத்தினேன்.

மாமா சுவிச்சைப் பார்த்தார். அது நிறுத்தியபடிதான் இருந்தது. அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. வாயைத் திறந்தார். அவர் பேச முன் பெரியம்மா பேசினார்.

"பிள்ளை பிறகுதான் நிப்பாட்டினவன். நான்தான் மறந்துபோய் ஏறினனான்."

மாமா வாயை மூடிக்கொண்டார்.

"இல்லை, நான் முதலே..." என்று தொடங்கினேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே பேசிய பிள்ளைக்கு அந்தக் காலத்தில் கிடைத்த பதில் அது.

"மணவறை வைக்கிற இடத்தில போய்க் கை வைச்சிருக்கிறாயே, அக்கா" என்றார் அம்மா. உரத்துக்கூடச் சொல்லவில்லை. கதவடியில் நின்ற அக்கா அழத் தொடங்கினாள்.

பரியாரியார் வந்து மணிக்கட்டுக்கு மூலிகைப் பத்துப் போட்டுக் கட்டினார். மத்தியானத்துக்குள், வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் கூடிக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல்நாளே இப்படி ஒரு சகுனப் பிழை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? பெரியம்மா அடுத்த வீட்டில் படுத்திருக்கட்டும், அங்கே ஆறுதலாக இருக்கும். பெரியம்மா எழுந்து நடந்தார். போகும்போது குசினிக் கதவைக் கடந்துதான் போனார். இடது கையால் அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். அது வழக்கம்போல முழுதாகச் சாத்தவில்லை.

அன்று பின்னேரம் எல்லாரும் பந்தல் வேலையில் நின்றபோது மாமா மெயின் சுவிச்சை நிறுத்தினார். தெற்குச் சுவரில் ஏறி இரண்டாவது சிவப்பு வயரைக் கழற்றி எறிந்தார். திரும்பவும் கறுப்பை இழுத்து, போகிற வழியில் இருந்த சுவிச்சை வருகிற சிவப்புக்கு மாற்றினார். மணவறைக் கால்களுக்குப் பூச வாங்கியிருந்த சிவப்புப் பெயின்றை எடுத்து, அந்தக் கறுப்பு வயர் முழுவதற்கும் மெல்லிய தூரிகையால் பூசிக்கொண்டு போனார். மெயின் பெட்டிக்குள்ளும் லைற் கூட்டுக்குள்ளும் போகிற இரண்டு நுனிகளை மட்டும் கறுப்பாகவே விட்டார். பெயின்ற் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

"ஏன் மாமா நுனிக்குப் பூசேல்லை?"

"நாளைக்கு வேறொருத்தன் திறந்து பார்த்தா அவனுக்குத் தெரிய வேணும்."

"அம்மாவுக்கு?"

"சின்னக்காவுக்குத் தெரியத் தேவையில்லை."

இவ்வளவு கெட்டித்தனமான ஒரு தந்திரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. பூசி முடித்தபின் ஏணியிலேயே கனநேரம் இருந்தார். பெயின்ற் காய்வதற்காக இருக்கிறார் என்று நினைத்தேன்.

கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பட்டப்பகலில் நான்கு லைற்றுகளும் எரிந்தன. மாப்பிள்ளையின் தாய் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண்ணுக்கு இரண்டு சிவப்புக் கோடுகள்தான் தெரிந்தன. தாலி ஏறும்போது நான் ஒரு தடவை குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். நீக்கலுக்குள் சமையற்காரருடைய முதுகு தெரிந்தது.

இப்போது அந்த வீடு இல்லை. சுவரும் இல்லை, சட்டமும் இல்லை. எந்த இடப்பெயர்வோடு எது போனது என்று எண்ணிச் சொல்லவும் முடியாது. பெரியம்மாவின் மணிக்கட்டு கடைசிவரை சற்று வளைந்தே இருந்தது. கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் மாமா அவருக்கு ஏதாவது வாங்கிவருவார். கொடுக்கும்போது அந்தக் கையைப் பார்க்க மாட்டார். பெரியம்மாவும் இடது கையையே நீட்டுவார். கரண்ட் அடித்த அந்தக் காலையைப் பற்றி அம்மா யாருக்குச் சொன்னாலும், "அக்கா மறந்துபோய்" என்றுதான் தொடங்குவார். மாமா அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். மூன்று பேரும் போய்விட்டார்கள். இனி நான் யாரிடம் போய், சுவிச் நிறுத்தித்தான் இருந்தது என்று சொல்வது?

கலியாணத்தன்று பின்னேரம் அடுத்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனவன் நான்தான். பெரியம்மா பாயில் சுவரோடு சாய்ந்து இருந்தார். பலகாரத்தைத் தொடவில்லை.

"லைற் நல்லா எரிஞ்சதோ, ராசா?"

"ஓம். நாலும் எரிஞ்சது."

"மாமா சாப்பிட்டவனோ?"

"தெரியாது. ஏன் பெரியம்மா பொய் சொன்னனீங்கள்? நான் முதலே நிப்பாட்டினனான். எனக்குக் குட்டு விழுந்தது."

அவர் இடது கையால் என் தலையைத் தடவினார். "நீ நிப்பாட்டினனீதான். எனக்குத் தெரியும். இனி ஒருத்தருக்கும் சொல்லாத" என்றார். பிறகுதான் அக்காவைப் பற்றிக் கேட்டார். கூறை என்ன நிறம், அழுதவளோ, தாலி ஏறேக்க தலையைக் குனிஞ்சவளோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் என்னிடம் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருந்தது. மாமா அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னவர்.

"பெரியம்மா, உங்களுக்கு ஒண்டு தெரியுமோ? மணவறைக்கு மேல நிக்கிறது சிவப்பு இல்லை. மாமா கறுப்பைத் திருப்பிப் போட்டவர். போட்டிட்டு மேலால சிவப்புப் பெயின்ற் பூசிவிட்டவர். ஒருத்தருக்கும் தெரியாது!"

பெரியம்மா சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"அப்ப தாலி ஏறேக்க கறுப்பும் உள்ளுக்க நிண்டிருக்கு" என்றார்.

"ஓம்!" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மாமாவின் கெட்டித்தனத்தை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று எண்ணி நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குச் சிரித்து முடிந்த பின்னும் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டேயிருந்தது.