பெயர் சொல்லாத அந்தச் சகோதரனின் கூரை

இந்த வருஷம் மாசி மாதம் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் எங்கள் படுக்கையறைச் சீலிங்கில் ஒரு தேத்தண்ணிக் கறை விழுந்தது. கோப்பை வைத்து எடுத்த இடம் மாதிரி, சின்ன வட்டம். என் மனுசி புஷ்பம் கட்டிலில் படுத்தபடி அதைக் காட்டி, "மேல ஆரோ தேத்தண்ணி குடிக்கினம்" என்றா. நானும் சிரித்தேன். ஐந்து மாதம் கழித்து அந்தச் சீலிங் அவ தலை வைக்கிற இடத்திலேயே விழுந்தது.

அந்த ஐந்து மாதமும் நான் இருந்த இருட்டையும், அதற்குள் கர்த்தர் வந்த விதத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

என் பெயர் தேவராஜா. சிட்னியில், பரமட்டாவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் எங்கள் வீடு. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் நின்ற நிலையில் வேலை செய்து, கடன் முழுவதும் கட்டி முடித்த பழைய ஓட்டு வீடு. அந்த வீட்டைத் தவிர எங்களுக்குச் சொத்து என்று ஒன்றும் இல்லை.

நான் கைவேலை தெரிந்தவன். சபையில் ஆருடைய வீட்டில் தண்ணி டாப் ஒழுகினாலும், கதவு இறுகினாலும், "தேவா அண்ணையைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். புஷ்பத்துக்கு இதில் ஒரு நக்கல். "இவர் ஊருக்குப் பைப் பூட்டுவார், எங்கட வீட்டுக்குக் கயிறு கட்டுவார்" என்று வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லுவா. அதைக் கேட்க எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். எழுபத்தொரு வயதில் தலைச்சுற்று வந்தது. டாக்டர் இனி ஏணியில் கால் வைக்கவே கூடாது என்றார். அன்றோடு கூரை என் கையை விட்டுப் போனது.

எங்கள் இரண்டு பேருக்கும் அரசாங்கப் பென்சன்தான். பென்சனும் ஏறுகிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது ஏறி வந்து பார்க்கும்போது மின்சாரமும் கவுன்சில் வரியும் மரக்கறியும் அதற்கு முன்னமே மேலே போய் உட்கார்ந்திருக்கும்.

பங்குனியில் ஒரு கூரைக்காரனைக் கூப்பிட்டேன். ஏறிப் பார்த்தான். முகட்டு ஓடுகளைப் பிடித்து வைத்திருக்கும் சாந்து உதிர்ந்துபோய்க் கிடப்பதைப் போனில் படமெடுத்துக் காட்டினான். முழுக் கூரையும் மாற்ற வேண்டும் என்றான். அவன் சொன்ன விலையைக் கேட்டு, இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன். "இந்த விலை இந்த மாதம் மட்டும்தான்" என்றான். அடுத்த மாதம் அதே ஆள் அதே கூரைக்கு இன்னும் கூடச் சொன்னான். சாமான் விலை ஏறிவிட்டதாம், கூலியும் ஏறிவிட்டதாம்.

இன்சூரன்சுக்கு எழுதினேன். பதில் வந்தது: இது புயல் செய்த சேதம் இல்லை, சொந்தக்காரர் பராமரிக்காததால் வந்த சேதம். அதனால் ஒன்றும் தர முடியாது. அந்தக் கடிதத்தைக் குசினி மேசையில் வைத்து நாலைந்து தரம் வாசித்தேன். ஊரெல்லாம் போய்த் திருத்திக் கொடுத்தவனுக்கு, பராமரிக்காதவன் என்று எழுத்தில் ஒரு பெயர். புஷ்பம் வாசித்துவிட்டு வழக்கமான நக்கலைச் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தா. அதுதான் எனக்குக் கூட நொந்தது.

சேர்க்கத் தொடங்கினோம். இங்கே ஆனி ஆடிதான் குளிர்காலம், ஆனாலும் ஹீட்டரை நிறுத்தினோம். இறைச்சியை நிறுத்தினோம். பருப்பும் பாணும் என்று போனது வாழ்க்கை. நாங்கள் சேர்க்கிற வேகத்தை விட விலை ஓடுகிற வேகம் கூட. மழை வந்தால் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு வாளி வைப்போம். சத்தம் கேட்காமல் இருக்க வாளிக்குள் துவாய் போடுவேன். ஆனி மாதம் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது. துடைத்தேன். பூத்தது. துடைத்தேன்.

புஷ்பத்துக்கு ஏற்கெனவே மூச்சிழுக்கிற முட்டு வருத்தம். அந்த மாதம் ஒரு நாள் பின்னேரம் அவவால் ஒரு வசனம் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அம்புலன்சில் போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், நல்ல பிள்ளை, என்னைப் பார்த்துக் கேட்டா: வீட்டுச் சுவரில் ஓதம், பூஞ்சணம் ஏதும் இருக்கிறதா?

"இல்லை" என்றேன்.

முகத்தில் மாஸ்க் போட்டபடி புஷ்பம் என்னைப் பார்த்தா.  உண்மையைச் சொல்ல அவவுக்கு மூச்சு இருக்கவில்லை.

ஏன் பொய் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடாது என்பார்கள் என்று பயந்தேன். பேர்த்தில் இருக்கிற மகளுக்குத் தெரிந்தால், வீட்டை விற்றுவிட்டு வாருங்கோ என்பா. அவவுடைய வீட்டில் அவவுக்கே இடமில்லை. வேறு எங்கே போவது? வாடகையைப் பற்றிக் கேட்காதேயுங்கோ. பென்சன்காரன் சிட்னியில் வாடகைக்குப் போய் உயிர்வாழ ஏலாது. எழுபத்திரண்டு வயதில் மனுசியையும் கொண்டு நடுத்தெருவில் நிற்கப்போகிறேன் என்ற எண்ணம் காலையில் கண் திறக்கும்போதே என் நெஞ்சில் ஏறி இருந்தது. அவவைக் கொல்லுவது பூஞ்சணம் இல்லை, நான்தான் என்றும் ஒரு எண்ணம் வந்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஜெபித்தேனா? ஜெபித்தேன். மழையை நிறுத்தும் ஆண்டவரே. விலையை இறக்கும் ஆண்டவரே. ஆரும் அறியாமல் எங்கிருந்தாவது உதவி வரட்டும் ஆண்டவரே. ஆரும் அறியாமல் என்பதைத்தான் அழுத்திச் சொன்னேன்.

இனி எங்கள் ஜெபக்கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பின்னேரங்களில் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். ஜெபிக்க முன்னம் ஒவ்வொருவரும் தன் விண்ணப்பத்தைச் சொல்லுவார். வாய்விட்டுச் சொல்ல வெட்கமான காரியம் என்றால், "எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி", "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரன்" என்று சொல்லுவது எங்களுக்குள் ஒரு வழக்கம். ஆரும் துருவிக் கேட்கமாட்டார்கள். சித்திரை மாதம் என் முறை வந்தபோது நானும் சொன்னேன்: "எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரன். பென்சன்காரன். வீட்டுக் கூரை ஒழுகுது. மனுசிக்கு முட்டு. அவையளுக்காக ஜெபியுங்கோ."

எல்லோரும் எனக்காக உருகி ஜெபித்தார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சகோதரனுக்காக ஜெபித்தேன். பக்கத்தில் இருந்த புஷ்பம் என் தொடையில் நல்லாக ஒரு கிள்ளுக் கிள்ளினா.

அன்று கூட்டம் முடிந்து ஜோசப் என்கிற தம்பி என்னிடம் வந்தார். ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். எங்களோடு கூடி ஒரு வருஷம்தான். "அண்ணே, நான் கூரை வேலைதான் செய்யறேன். அவர் வீடு எங்கன்னு சொல்லுங்க, ஏறிப் பார்த்துட்டு வர்றேன்" என்றார்.

"அவர் சரியான தூரம் தம்பி" என்றேன்.

என் வாயால் சொன்னேன்.

அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை அந்தச் சகோதரன் எல்லோருக்கும் சொந்தக்காரன் ஆகிவிட்டான். "கூரைச் சகோதரன் எப்பிடி?" என்று கேட்பார்கள். "அப்பிடியேதான்" என்பேன். எங்கள் வீட்டில் கூட்டம் வைக்கிற முறை வந்தபோது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன்; புஷ்பம் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் மறைத்தேன். எங்கள் கூட்டத்தில் லீலா அக்கா இருக்கிறா. ஒளித்துக் கதைக்கத் தெரியாத ஆள். "அந்த மனுசனுக்கு வாய் இல்லையோ? மனுசி மூச்செடுக்க ஏலாமல் கிடக்குது, இவர் அங்க மரியாதை காக்கிறாராக்கும்" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினா. நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதக் கடைசியில் அதே லீலா அக்கா ஒட்டிய கவர் ஒன்றை என் கையில் தந்தா. சபையார் சேர்த்தது. "நீங்கள்தானே அவரை அறிவீங்கள். கொண்டுபோய்க் குடுங்கோ" என்றா.

ஜெபத்துக்குப் பதில் என் கையில் இருந்தது. திறக்க ஏலவில்லை. திறந்தால் நான் கள்ளன். திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கவரைப் பிரிட்ஜுக்கு மேல் வைத்தேன். மூன்று கிழமை அது அங்கேயே இருந்தது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் எடுக்கப் பழகினேன். புஷ்பம் ஒருநாள் கேட்டா, "அந்தச் சகோதரன் என்னை அடக்கம் பண்ணவோ அதை வச்சிருக்கிறார்?" சிரிக்காமல்தான் கேட்டா.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. முதல் நாள் முழுக்க மழை. நான் குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன். "நீங்கள் போட்டால் சாயம் கூடிப்போகும், நான் வாறன்" என்று படுக்கையறையிலிருந்து சொல்லிக்கொண்டு புஷ்பம் எழும்பி வந்தா. கதிரையில் இருந்து மூச்சு வாங்கினா. அப்போது கேட்டது சத்தம். ஆரோ நனைந்த மெத்தையை மேலிருந்து போட்ட மாதிரி.

போய்ப் பார்த்தேன். சீலிங் பலகையும் குளிருக்கு மேலே போட்டிருந்த பஞ்சும் நனைந்து சேறுமாக அவவின் தலையணை மேல் கிடந்தன. ஓட்டை வழியாக ஓடும், ஓட்டுக்கிடையில் வானமும் தெரிந்தன. புஷ்பம் எனக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தா. "சாயத்தால தப்பினன்" என்றா. சொல்லிவிட்டு அழத் தொடங்கினா. நாற்பத்துநாலு வருஷக் கலியாணத்தில் அவ அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அவவை முன்னறையில் இருத்திவிட்டு நான் திரும்பி வந்தேன். முழங்கால் போட எனக்கு முழங்கால் விடாது. வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தேன். இந்த முறை மழையைப் பற்றியோ விலையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "ஆண்டவரே, நான் ஏலாதவன் எண்டு சொல்ல எனக்கு வாயைத் தாரும்" என்று மட்டும் கேட்டேன். 

அரை மணித்தியாலம் இராது, போன் அடித்தது. லீலா அக்கா.

"தேவா அண்ணை, என்ர குசினி டாப் ஒழுகுது. ஒருக்கால் வந்து பார்க்கிறீங்களோ?"

வாழ்க்கையில் முதல் தரம் சொன்னேன். "இல்லை அக்கா. வர ஏலாது. என்ர சீலிங் விழுந்து போச்சு. அந்தக் கூரைச் சகோதரன் நான்தான்."



"அப்ப மூண்டு மாசமா உங்களுக்குப் பக்கத்தில இருந்து உங்களுக்காகவோ நான் அழுதனான்?"

"ஓம் அக்கா."

"அழேக்க நீங்கள்தானே எனக்கு டிசு எடுத்துத் தந்தனீங்கள்?"

"ஓம்."

"அந்த மனுசனைக் கண்டால் நல்லா ஏசோணும் எண்டு இருந்தனான். வாறன், அங்கயே இருங்கோ. புஷ்பத்தை அந்த அறைக்குள்ள விடாதேங்கோ."

அவ வருவதற்கு முன்னமே ஜோசப்புக்குச் சொல்லிவிட்டா. ஏணியும் கூரையை மூடத் தறப்பாளும் கொண்டு அவர் வந்து இறங்கினார். வாசலில் நின்று, "ரொம்பத் தூரம்னு சொன்னீங்களேண்ணே. பதினோரு நிமிஷத்துல வந்துட்டேன்" என்றார்.  அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார்.

இறங்கி வந்து சொன்னார்: முழுக் கூரையும் மாற்றத் தேவையே இல்லை. முகட்டுச் சாந்தைப் புதுசாகப் பூச வேண்டும், வெடித்த ஓடு சிலதை மாற்ற வேண்டும், இலை அடைத்துக் கிடக்கிற மழைத்தண்ணிப் பீலியைத் துப்புரவாக்கி ஒரு பக்கம் புதுசு போட வேண்டும். "சித்திரையில கூப்பிட்டிருந்தா ஒரு நாள் வேலைண்ணே. சீலிங் பொழச்சிருக்கும்." அதை அவர் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. நான் வாய் திறக்காமல் இருந்த நாட்களின் விலை அது. அந்த நாட்களில் புஷ்பம் இழுத்த மூச்சுக்கு என்ன விலை?

புஷ்பத்தை லீலா அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அந்தக் கிழமையே டாக்டரிடம் போய் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

சனிக்கிழமை கூட்டத்தில் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டியபடி இருந்த கவரை லீலா அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள் என்று நினைக்காதேயுங்கோ. ஒரு குடும்பத்துக்கு மனம் நொந்துவிட்டது. ஜெபத்தில் விளையாடிவிட்டேன் என்று கொஞ்சக் காலம் என்னோடு முகம் கொடுக்கவில்லை. அவர்கள் மேல் பிழை இல்லை. லீலா அக்கா கவரை வாங்கி, எழும்பிப் போய்ப் புஷ்பத்தின் மடியில் வைத்தா. "இது அந்தச் சகோதரன்ர மனுசிக்கு" என்றா. ஓடும் சீலிங் பலகையும் அதில்தான் வாங்கினோம். ஜோசப் தன் கூலி என்று ஒன்றும் எடுக்கவில்லை. மூன்று சனிக்கிழமை காலை வேலை. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன்.

அடுத்த கிழமை விண்ணப்ப நேரத்தில் ஒரு தம்பி மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் வேலை போன ஒரு சகோதரன் எண்டு சொன்னனான். அது நான்தான்." லீலா அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்து, "இன்னும் எத்தினை பேர் கிடக்கிறீங்கள்? ஒரேயடியாக் கையைத் தூக்குங்கோ, என்னால தனித்தனியா அழ ஏலாது" என்றா. அன்று நாங்கள் சிரித்துக்கொண்டே ஜெபித்தோம். அழுதும் ஜெபித்தோம்.

எங்கள் கஷ்டம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. புஷ்பம் இன்னும் முட்டுக்குப் பம்ப் அடிக்கிறா. ஆனால் இப்போது தட்டையாகப் படுத்து நித்திரை கொள்ளுறா. சுடுதண்ணித் தாங்கி பழசு, இந்தக் குளிருக்குத் தாங்குமோ தெரியாது. விலைகள் இறங்கவில்லை. என் பென்சன் அதே பென்சன்தான். மாறினது என் ஜெபம். ஆரும் அறியாமல் உதவி செய்யும் என்று கேட்டேன். கர்த்தரோ நாலு கதிரை தள்ளிக் கூரைக்காரன் ஒருவரை இருத்திவைத்து, நான் வாய் திறக்கும் வரை பொறுமையாக இருந்தார். அதை நினைத்து நினைத்து அவருக்கு நன்றி சொல்லுகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் ஆருக்காவது, 'எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி', 'எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரன்' இருந்தால், அடுத்த கூட்டத்தில் அந்த ஆளின் பெயரைச் சொல்லுங்கோ. பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. நம்பிச் சொல்லுங்கோ.

வருகிற சனிக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். புது சீலிங்கை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று புஷ்பம் நிற்கிறா. வாளி மட்டும் இல்லை. ஒழுகுகிற தன் குசினி டாப்புக்குக் கீழே வைக்க லீலா அக்கா கொண்டுபோய்விட்டா. நாளைக்குப் போய்ப் புது டாப் பூட்ட வேண்டும்.