மைனஸ் ஏழு

கண்ணாடிக்காரர் ஏமாந்துட்டார்னு தெருவே பேசுது. யாரோ ஒரு பொண்ணு வந்து இனிக்க இனிக்கப் பேசி, அவர் மூக்கு மேல இருந்த கண்ணாடியவே கழட்டிட்டுப் போயிட்டாளாம். தபால்காரர் சொல்றதப் பாத்தா அது தங்க ஃப்ரேமாம். காதுப் பக்கம் நூல் சுத்தின பழைய பிளாஸ்டிக் அது. நடந்ததை நான் சொல்றேன். எதிர்க்கடையில செருப்பு விக்கறவன் நான். யாவாரம் கம்மி, வேடிக்கை பாக்க நேரம் ஜாஸ்தி.

புதுக் கண்ணாடி மாட்டின ஆளை, சுவத்துல தொங்கற எழுத்து அட்டையப் படிக்கவிட மாட்டார் மனுஷன். வாசல்ல நிறுத்தி என் கடை போர்டைக் காட்டுவார். "கடைசி வரியப் படிங்க." அது பொடி எழுத்து: விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது. அதைப் படிச்சாத்தான் பாஸ். தெருவுல பாதிப் பேருக்கு அது மனப்பாடம். அதனாலதான் என் கடைப்பக்கம் வர்றதில்லையோ என்னவோ.

அன்னிக்குக் காலையில அந்தப் பொண்ணு நேரா என் கடைக்குள்ள வந்து, உடைஞ்ச கண்ணாடிய நீட்டுச்சு. "இது செருப்புக் கடைம்மா"ன்னு கையப் பிடிச்சு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டேன். பஸ் நெரிசல்ல யாரோ மிதிச்சிருக்காங்க. மத்தியானம் பக்கத்து ஊர்ல அதுக்கு டிரைவர் வேலைக்கு டெஸ்ட். பஸ் ஓட்டற வேலை. ரெண்டு வருஷம் காத்திருந்து வந்த சான்ஸாம்.

இவர் உடைஞ்ச சில்லை மெஷின்ல வச்சுப் பாத்தார். "மைனஸ் ஏழு. கம்பெனியிலருந்து வர ஒரு வாரம் ஆகும்."

பொண்ணு வாசப்படியத் தடவி இறங்கப் போச்சு.

"இப்படியே போனா யார் மேலயாவது ஏத்திடுவ"ன்னு முணுமுணுத்துக்கிட்டே, தன் கண்ணாடியக் கழட்டி அது மூக்குல மாட்டினார். அவரும் மைனஸ் ஏழு. வாசல்ல நிறுத்தினார். கடைசி வரிய அது தடுக்காமப் படிச்சுது. "பத்து நாள்ல கொண்டாந்து குடுத்துடறேங்க"ன்னு சொல்லிட்டு ஓடிப் போய் பஸ் ஏறிடுச்சு.

அவர் சம்சாரம் வந்து கேட்டாங்க: "பேராவது கேட்டீங்களா?"

"பவர் கேட்டேன்."

இன்னியோட பதினெட்டு நாள். பொடி ஸ்க்ரூவை மூக்குல இடிக்கிற மாதிரி வச்சு முடுக்கறார். ரோடு தாண்ட சம்சாரம் கையப் பிடிக்கணும். நேத்து வாசல்ல வந்து நின்ன அவங்களையே, "வாங்கம்மா, பவர் பாக்கணுமா?"ன்னு கேட்டுட்டார். "முப்பது வருஷமா பாத்தது போதாதா?"ன்னாங்க அந்தம்மா. கடையில ரெடியான கண்ணாடி அறுபது கிடக்கு. ஒண்ணையும் எடுத்து மாட்ட மாட்டார். அதெல்லாம் அடுத்தவங்க கண்ணாம்.

இன்னிக்குக் காலையில லென்ஸ் கம்பெனி ஆள் வந்தார். சம்சாரம் இவருக்கு ஒரு ஜோடி மைனஸ் ஏழுன்னு ஆர்டர் ஃபாரம் எழுதியே வச்சிருந்தாங்க. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. விடுவேனா, நானும் கடையப் போட்டுட்டு ஓடினேன்.

"கையெழுத்தப் போட்டுடுங்கண்ணே. அவ பறிச்சிட்டுப் போயிட்டான்னு தெருவே சொல்லுது. இன்னும் எத்தனை நாளுக்குத் தடவிக்கிட்டு இருப்பீங்க?"

ஃபாரத்தை மூக்குகிட்ட கொண்டுபோய் முழுசாப் படிச்சார். நாலா மடிச்சார். குனிஞ்சு, ஆடிக்கிட்டிருந்த ஸ்டூல் காலைத் தடவிக் கண்டுபிடிச்சு, அதுக்கு அடியில அதைச் சொருகி, ஒரு தடவை உக்காந்து பாத்துக்கிட்டார்.

"யாரும் பறிக்கல. எனக்குக் கண்ணாடி இருக்கு. இப்ப அந்தப் பொண்ணு போட்டிருக்கு."