வெட்டுத்துணி மூட்டையில் ஓர் ஊசி

கொழுந்தியாள் விரலில் கட்டோடு வந்து, வெட்டும் மேசையில் ஓர் ஊசியை வைத்தாள்.

“இது என்ன அத்தான்?”

டெய்லர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அப்படியொரு பொருளை உலகத்தில் முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். கடையில் சேரும் வெட்டுத்துணியை மூட்டையாக எடுத்துப்போய்த் தலையணை அடைக்கிறவள் அவள். மூட்டைக்குள் கையை விட்டபோது குத்தியிருக்கிறது.

“புது மெஷினோட ஊசி,” என்றார்.

ஊசி விஷயத்தில் அவர் மகா சுத்தம். தையல் ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கிடைக்கும்வரை கடைக்குள் யாரையும் நடக்க விடமாட்டார். காந்தத்தால் தரையைத் துழாவி எடுத்து, டப்பாவில் போட்டு மூடுவார். இன்சுலின் ஊசிக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. வீட்டுக்குத் தெரிந்தவரை அவருக்குச் சர்க்கரை நோயே இல்லையே, ஊசி எங்கிருந்து வரும்? மனைவிக்குத் தெரிந்தால் டீயில் சர்க்கரை நின்றுவிடும். அதனால் திரைக்குப் பின்னால் வயிற்றில் போட்டுக்கொண்டு, ஊசியை வெட்டுத்துணிக்குள் செருகிவிடுவார். தையல் கடையில் ஊசி கிடந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற ராஜதந்திரம்.

“மெஷின் ஊசி பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கிட்டா தைக்கும்?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “யாரோட ஊசின்னு டாக்டர் கேக்குறாரு. தெரியலன்னா, நோய் எதுவும் தொத்திடாம இருக்க மாத்திரை, திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனைன்னு போகுமாம். அதுவரைக்கும் குழந்தைக்குப் பால் குடுக்காதேங்குறாரு.”

காஜா எடுக்காத சட்டை ஒன்று டெய்லருக்குத் திடீரென அவசரமாகிவிட்டது. கடைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள், யார் போட்டார்களோ, இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று வாடிக்கையாளர்கள் தலையில் பாரத்தை இறக்கி வைத்தார். அவர்கள்தான் அங்கே இல்லையே, மறுக்க.

அவள் போகவில்லை. அவள் ரவிக்கையின் முன்புறம் பால் கசிந்து நனைந்திருந்தது. அவர் தைத்துக் கொடுத்த ரவிக்கைதான்.

மெஷினை நிறுத்தினார்.

“என்னோடதுதான். சுகர். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத.”

“அங்க ஆஸ்பத்திரியில குழந்தைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதே அக்காதான்,” என்றாள். “கெளம்புங்க. உங்க ரத்தமும் வேணும்.”

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. அவர் ரத்தத்தில் சர்க்கரையைத் தவிர வேறெதுவும் இல்லை. கொழுந்தியாள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். மனைவி, துணி துவைக்கும் திரவம் தீர்ந்துபோன தடித்த பாட்டிலைத் திருகு மூடியோடு கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்தாள். நிறைவதற்குள் மருத்துவமனையில் கொடுத்துவிட வேண்டும் என்றாள். அவர் ஊசியை அதில் போட்டு மூடியைத் திருகினார். சர்க்கரை இல்லாமல் டீ வந்தது. குடித்துவிட்டுக் காஜா எடுக்க உட்கார்ந்தார்.